தோரணத்துக்கு வெட்டிய வேலி

"சித்தப்பா, கத்தியை வையுங்கோ."

சரணியா இரண்டாம் தடவை சொல்லியும் சந்திரகுமார் நிமிரவில்லை. ஒரு கொப்பை வளைத்துப் பிடித்து அடியோடு இறக்கினார். அதோடு ஓர் ஆள் நுழையக்கூடிய ஓட்டை வேலியில் விழுந்தது. ஓட்டைக்குள்ளால் பக்கத்து வீட்டுக்காரரின் இறைச்சி வாட்டும் அடுப்பு தெரிந்தது. பத்து வருடத்தில் முதல் தடவையாக.

"செத்த வீட்டு வாசல் மொட்டையாக் கிடக்கலாமோ?" என்றார் அவர். "தோரணம் கட்ட வேண்டாமே? தென்னோலைக்கு நான் எங்க போறது? சுவிஸில, இந்தச் சூக்கில, ஆரின்ர வளவுக்குள்ள தென்னை நிக்குது?"

"அதுக்கு அப்பான்ர வேலியை வெட்டுவியளோ?"

"வேலி எண்டா வெட்டத்தான். ஊரில கிளுவையை வருசாவருசம் மொட்டையடிக்கிறேல்லையே? ஒரு மழையோட தழைக்கும்."

"இது கிளுவை இல்லை."

"மரந்தானே."

பதினொரு மணிக்கு அப்பாவை எரிக்கப்போகிறார்கள். இந்த மனுசன் வெள்ளை வேட்டியோடு நின்று மரம் என்கிறார்.

இரண்டாயிரத்து ஒன்பது கார்த்திகையில், ஊர்ச் செய்தி கேட்டுக் கேட்டு வீட்டில் ஒருவரும் சரியாகச் சாப்பிடாத அந்த வருடத்தில், அப்பா குலேந்திரன் இந்த நாட்டு வேலிமரமான ஹாகபூக்கவில் நாற்பது கன்று வாங்கிவந்து நட்டார். முழங்கால் உயரக் குச்சிகள். கிழமை நாள்களில் அலுவலகங்களில் தரை துடைத்துவிட்டு, சனிக்கிழமை முழுக்க அதோடுதான் நிற்பார். அடியை அகலமாக விட்டு மேலே ஒடுக்கி வெட்டுவார், கீழ் இலைக்கும் வெயில் வேணும் என்று. வருடம் ஒருக்கா, ஜூன் கடைசியில், மப்பான நாள் பார்த்து, மட்டத்துக்கு நூல் கட்டி. குளிர்காலத்தில் இலை காய்ந்தாலும் இந்த மரம் பாதியை உதிர்க்காமல் வைத்திருக்கும். அதில் அவருக்கு ஒரு பெருமை, என்னவோ தான் சொல்லிக்கொடுத்த மாதிரி.

இந்த வருடம் அவருக்கு மூச்சு விடவே முடியவில்லை. மூன்று கிழமைக்கு முன் சூரிச்சுக்கு, அவளுக்கு, டெலிபோன் எடுத்தார்.

"ஒருக்கா வந்து வெட்டிவிடுறியே பிள்ளை? நூல் கட்டி வைச்சிருக்கிறன்."

"ஞாயிறு வாறன் அப்பா."

அந்த ஞாயிறு வேலையிடத்துச் சினேகிதிகளோடு எங்கடின் மலைப்பக்கம் சுற்றப் போனாள். அடுத்த ஞாயிறு நித்திரை. அதற்கடுத்த வியாழன் அவர் போய்விட்டார்.

நூல் இன்னும் அப்படியே கிடந்தது, இரண்டு தடிக்கு இடையில். புதுத் துளிர்கள் அதற்கு மேலே ஒரு சாண் வளர்ந்து நின்றன. அதைப் பார்க்கப் பார்க்க அவளுடைய குரல் ஏறியது.

"ஒரு நாளாவது இந்த வேலியைத் தொட்டனீங்களோ? அப்பா மூச்சுக்கு இழுத்துக்கொண்டு கிடக்கேக்க ஒருக்கா வந்து எட்டிப் பாத்தனீங்களோ? இப்ப வந்து கத்தி தூக்குறியள்."

சந்திரகுமார் கொப்புகளைக் கட்டாக அள்ளினார். கையில் இரத்தம் கசிந்தது.

"நீ வந்தனியோ?"



"ரெண்டு பேரும் உள்ள வாங்கோ," வாசலிலிருந்து அம்மா சந்திரமதி மெல்லச் சொன்னா. "சனம் வரப்போகுது."

தோரணம் கட்டியாயிற்று. செத்த வீட்டு முறைப்படி தலைகீழாகத் தொங்கிய இலைகள் அப்பாவைக் கொண்டுபோகும் நேரத்துக்கே சுருளத் தொடங்கிவிட்டன. தகனமண்டபத்தில் சரணியா சித்தப்பாவுக்குப் பக்கத்தில் நிற்கவில்லை. அவர் குலுங்கிக் குலுங்கி அழுதபோது, நடிப்பு என்று பல்லைக் கடித்தாள்.

ஐந்து மணிக்கு வீடு திரும்பிக் குளித்தார்கள். தலை துவட்டிக்கொண்டு யன்னலால் பார்த்தாள். சித்தப்பா ஓட்டைக்கு முன்னால் குந்தியிருந்தார். காலையில் வெட்டிய கொப்புகளில் தடித்தவற்றை இலை உருவி, முனை சீவி, அப்பாவின் நூலுக்கு நேராக ஒவ்வொன்றாக மண்ணில் இறக்கிக்கொண்டிருந்தார்.

வெளியே போனாள். "என்ன செய்யிறியள்?"

"கதியால் போடுறன். ஊர் வேலி மாதிரி, நட்ட தடி தழைக்கும்."

"முளைக்காது சித்தப்பா. இது தடியில வேர் விடாது. அப்பா கன்றாத்தான் வாங்கினவர்."

"கதியால் முளைக்காதோ?"

"இது முளைக்காது எண்டுறன்."

அவர் கேட்டதாகத் தெரியவில்லை. அடுத்த தடியை இறக்கி, சுற்றி மண்ணைக் குதிக்காலால் மிதித்தார். அதற்கடுத்ததையும்.

அவள் பின்பக்கம் போய் அப்பாவின் பூவாளியைக் குழாய்க்குக் கீழ் தடாலென்று வைத்தாள். நிரம்பியதும் தூக்கிவந்தாள். நடக்க நடக்கத் தண்ணீர் காலில் தெறித்தது. அவரை விலகச் சொல்லாமல், அவரைப் பார்க்காமல், முதல் தடியின் அடியில் ஊற்றினாள்.