தலைவர் வரவழைத்த பிரெஞ்சுப் படம்

ஊர் நலச் சங்கத் தலைவர் சிதம்பரநாதனுக்கு பிரெஞ்சு தெரியும் என்று காரைக்காலில் எல்லாரும் மரியாதைக்காக நம்பி வந்தோம். வெள்ளைக்காரன் மூட்டை கட்டிய மறு மாதமே தொப்பியைக் கழற்றிவிட்டுக் கதருக்கு மாறினார். நன்றிக்குப் பதில் சொல்லும் 'மெர்சி'யை மட்டும் விடவில்லை.

மீனவர் தெருவில் அவர் ஒரு தண்ணீர்க் குழாய் திறந்து வைத்தார். பக்கத்தில் ஒரு கல், அதில் பட்டங்களோடு அவர் பெயர். தண்ணீர்தான் வரவில்லை. மண்ணுக்கடியில் அந்தக் குழாயை எதோடும் இணைக்கவே இல்லை. மீன் விற்றுவிட்டு வரும் பவுனம்மாள், கூடையை இறக்கிய கையோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு பழையபடி தூரத்துக் கிணற்றுக்கு நடந்தாள்.

"எப்பங்கய்யா தண்ணி வரும்?"

"படிப்படியா வரும்மா."

அவள் ஒவ்வொரு தடவை கேட்டபோதும் இதேதான் பதில்.

திறப்பு விழாவைக் கொண்டாட ஒரு சினிமா காட்டத் தலைவருக்கு ஆசை. யாரும் கேள்விப்படாத ஒரு பிரெஞ்சுப் படம் அகப்பட்டது. விளம்பரத் தாளில் ஒரு மேயர், அவருக்குப் பின்னால் நீரூற்று, சுற்றிலும் ஜனங்கள். நம்மைப் போன்ற ஒரு பெரிய மனிதரின் சரித்திரம் என்று வரவழைத்துவிட்டார்.

கொட்டகையில் முதலில் அவர் பேசினார். "இந்தப் படத்தை நான் பிரெஞ்சிலேயே பார்த்து அனுபவிச்சவன். ஒரு காட்சியையும் வெட்டாம காட்டச் சொல்லியிருக்கேன்!"

படம் ஓட ஆரம்பித்தது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட சைகோனில் கடை வைத்திருந்து திரும்பிய அலாவுதீன் பாய் திரைக்குப் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். திரையில் மேயர் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். பிறகு நீரூற்றைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது.

பாய் தொண்டையைச் செருமினார். "மேயர் சொல்றதை அப்படியே சொல்லிடட்டுங்களா?"

"தாராளமா!"

"'தண்ணி வராட்டி என்ன, அதான் கல்லுல என் பேரு இருக்கே'ங்கிறாரு."

கொட்டகை அதிர்ந்தது. தலைவரும் சிரித்தார். ஏற்கெனவே பார்த்து அனுபவித்தவர் சிரிக்காமல் என்ன செய்வார்? கொஞ்ச நேரத்தில் ஒரு அவசர வேலை ஞாபகம் வந்து எழுந்து போய்விட்டார்.

"போறாரு பாரு, நம்ம மேயரு!" என்றாள் பவுனம்மாள். "அது கெடக்கட்டும் பாய். அந்த ஊர்ப் பொம்பளைங்க என்ன செஞ்சாளுக?"

"பொறு, வருது."

முடிவை எல்லாரும் பார்த்தார்கள், தலைவரைத் தவிர.

மறுநாள் காலை அவர் கதவைத் திறந்தால், வாசல் நிறையக் குடங்கள். குடங்களுக்குப் பின்னால் மீனவர் தெருப் பெண்கள். தலைவர் பூரித்துப்போனார். பூரண கும்ப மரியாதை! தேங்காய் வைக்கத் தெரியவில்லை, பாவம். உள்ளே ஓடி அங்கவஸ்திரத்தைப் போட்டுக்கொண்டு வந்து, முதல் குடத்தை இரண்டு கையாலும் ஏந்தினார். அது தக்கையாக மேலே வந்தது.

"தண்ணி எங்கேம்மா?"

"படிப்படியா வருங்கய்யா" என்றாள் பவுனம்மாள்.

அன்றைக்கே சங்கத்தின் அவசரக் கூட்டம் கூடியது. சாயங்காலம் வரை விவாதித்து, ஏகமனதாக ஒரு தீர்மானம் போட்டார்கள். இனிமேல் ஊரில் அன்னிய நாட்டுப் படம் காட்டக் கூடாது.

குழாயைப் பற்றிப் பேச நேரமில்லை.

அதற்குள் பவுனம்மாள் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போயிருந்தாள். தலைவர் வீட்டு வாசலில் அவள் நின்ற நேரத்தில் மற்ற தெருக்காரர்கள் முந்திக்கொண்டார்கள். வரிசையின் கடைசியில் நின்றவளின் முறை வந்தபோது, வாளியில் பாதி சேறு.