மூன்றாவது குழி

மாகறல் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் வண்டி குலுங்க ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் சத்தம் கூடியதே தவிர வேகம் கூடவில்லை. இஞ்சினின் நான்கு சிலிண்டரில் ஒன்று வேலை செய்யவில்லை என்று என் பாதத்துக்கே தெரிந்தது. இடது பக்கம் ஒதுக்கி நிறுத்தினேன்.

பின்சீட்டில் படுத்திருந்த நைனா கண்ணைத் திறக்காமல் கேட்டார்.

"நின்னுடுச்சா?"

"நிக்கல நைனா. நான்தான் நிறுத்தினேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

மணி ஆறு நாற்பது. ஏழு மணிக்குக் காஞ்சிபுரத்தில் அவருக்கு டயாலிசிஸ். செவ்வாய், வெள்ளி, வாரம் இரண்டு நாள். அரை மணி நேரம் பிந்தினால் அவருக்கு வைத்த மிஷினை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். ஆகஸ்டில் ஒரு முறை அப்படி ஆயிற்று. மறுநாளே நுரையீரலில் நீர் கோத்து, படுக்க முடியாமல் விடிய விடிய உட்கார்ந்தே இருந்தார்.

டாஷ்போர்டில் எப்போதும் ஒரு புது ஸ்பார்க் பிளக்கும் நீளமான ஸ்பேனரும் வைத்திருக்கிறேன். பானெட்டைத் திறந்தேன். எங்கள் வண்டியில் பிளக்குகள் இஞ்சினின் தலைமேல், ஆழமான நான்கு குழிகளுக்குள் இருக்கும். மூன்றாவது குழிக்கு நேராகப் போனேன். மற்றதைப் பார்க்க வேண்டிய தேவை இல்லை. ஐந்து மாதமாக மூன்றாவதுதான் போகிறது.

கழற்றிய பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மெல்லிய கறுப்புக் கோடு ஓடியிருந்தது. விரிசல். மின்சாரம் நுனிக்குப் போகாமல் அந்த வழியாகவே தப்பித்துவிடும். புதியதை மாட்டினேன். சூட்டில் விரல் இரண்டு இடத்தில் வெந்தது.

ஏழு இருபத்தைந்துக்குப் போய்ச் சேர்ந்தோம். நர்ஸ் இளமதி அக்கா வாசலிலேயே நின்றிருந்தார்.

"இன்னா கீர்த்தி, இன்னும் அஞ்சு நிமிஷம்தான். அடுத்த ஆளு ஊசி குத்திக்கக் கைய நீட்டிக்கினு உக்காந்துகிறாரு."

நைனாவைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போனேன். 

திரும்பி வரும்போது பாலாற்றுப் பாலத்தின்மேல் நைனா பேசினார். டயாலிசிஸ் முடிந்த பிறகு அவர் பேசுவதே அரிது.

"கீர்த்தி, இன்னொரு தபா இந்த வண்டி வழியில நின்னா, அதோட விட்டுடலாம்."

"வண்டியையா?"

"என்னைய."

கண்ணாடியில் அவரைப் பார்த்தேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆட்டோ வெச்சிக்கலாம் நைனா. வேற கார் வெச்சிக்கலாம்."

"வேணாம். என் வண்டியே என்னைய இஸ்துக்கினு போவ மாட்டேங்குது. எனக்கும் பேஜாரா கீது."

அவர் எதையும் இரண்டு முறை சொல்கிறவர் இல்லை. சொன்னால் சொன்னதுதான். நிலத்தைக் குத்தகைக்கு விட்டதும் அப்படித்தான், ஒரே வாக்கியத்தில்.

திருப்புலிவனத்தில் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். அம்மா தட்டோடு நின்றிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவருக்குச் சுற்றிப்போட்டுத்தான் உள்ளே விடுவாள். நைனா கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அவர் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போகும்போது, பாலத்தின்மேல் சொன்னதை அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னேன். அம்மா தட்டோடு வாசலிலேயே நின்றாள். இஞ்சின் சூடு ஆறுவதற்காக, மெக்கானிக் சொல்லியிருந்தபடி, பானெட்டைத் தூக்கிக் கம்பியில் நிறுத்திவிட்டுக் குளிக்கப் போனேன்.

மறுநாள் காலை உத்திரமேரூருக்குப் போகலாம் என்று சாவியைத் திருப்பினேன். வண்டி குலுங்கியது.

அப்படியே உட்கார்ந்திருந்தேன். நேற்று மாகறலில் மாட்டிய பிளக் அது. வீடுவரை நன்றாக வந்தது. அதற்குப் பிறகு வண்டி நகரவே இல்லை.

மூன்று காலில் நொண்டுகிற மாதிரி ஓட்டிக்கொண்டு மெக்கானிக் ஜெகன் அண்ணன் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தேன். அவர் எங்கள் வண்டியைத் தூரத்திலேயே சத்தத்தால் கண்டுபிடித்துவிட்டார்.

"வாம்மா தங்கச்சி. என் மாமியார் கூட இத்தினி தபா வரல."

அவர் வேலையில் குறை சொல்ல முடியாது. முதல் முறை பிளக் பழசு என்று மாற்றினார். இரண்டாம் முறை மூன்றாவது பிளக்கின் மேல் உட்கார்ந்து அதற்கு மின்சாரம் தரும் காயிலை மாற்றினார். அடுத்து இரண்டாவது குழியின் பிளக்கை மூன்றாவதிலும், மூன்றாவதை இரண்டாவதிலும் மாற்றிப் போடச் சொன்னது நான். கெட்டது மறுபடியும் மூன்றாவதுதான். பிளக் கம்பெனி மாற்றினோம். இஞ்சினுக்குள் அழுத்தம் அளந்தோம், சரியாக இருந்தது. பிளக்கில் ஆயில் ஏறவில்லை. பெட்ரோலும் கூட வேறு பங்க்கில் போட்டுப் பார்த்தோம்.

நான் நோட்டை நீட்டினேன். பிளக் போன தேதிகள். அவர் கையைத் துணியில் துடைத்துவிட்டு, சுவரில் தொங்கிய காலண்டரைப் புரட்டித் தேதிகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"இன்னாம்மா இது. அல்லாமே அமாவாசைய ஒட்டியே கீது. வண்டிக்குப் பைத்தியம் புடிச்சிக்குதா?"

நானும் பார்த்தேன். ஜூனில் முதலில் போனது மட்டும் பௌர்ணமி வாரத்தில். மற்ற நான்கும் அமாவாசை கழிந்த மூன்று நான்கு நாளுக்குள். தேதியைத்தான் எழுதியிருந்தேன். திதியைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் வேதியியல் படித்தவள்.

"நேத்து மாட்டினதும் போயிடுச்சுண்ணா. வூட்டு வாசல்லயே."

அவர் சிரிப்பு நின்றது. காயிலை உருவினார், பிளக்கைக் கழற்றினார். பீங்கானில் அதே விரிசல். நான் செல்போன் வெளிச்சத்தை மூன்றாவது குழிக்குள் அடித்தேன். அடிச்சுவரைச் சுற்றி செம்பழுப்பாக ஒரு வளையம் இருந்தது.

"துருமா. வாட்டர் வாஷ் பண்ணா அப்பிடித்தான் புடிக்கும்."

"நாங்க வாட்டர் வாஷ் பண்றதே இல்லண்ணா."

நீளமான ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டி எடுத்தேன். நகத்தின்மேல் வைத்துத் தேய்த்தேன். துரு இப்படி மாவாகத் தேயாது. துருவின் சிவப்பும் இது இல்லை. இந்தச் சிவப்பை நான் எங்கேயோ அடிக்கடி பார்க்கிறேன் என்று தோன்றியது.

வண்டியின் முன்னால் மிளகாயோடு கோத்துக் கட்டியிருந்த எலுமிச்சம்பழத்தைப் பிய்த்தேன்.

"யம்மா, அது திஷ்டிக்குக் கட்டினது" என்றார் ஜெகன் அண்ணன்.

நசுக்கி ஒரு சொட்டு விட்டேன். தூள் லேசாக நுரைத்தது. பிறகு சிவப்பு போய் மஞ்சளாயிற்று. பளிச்சென்ற மஞ்சள். முதல் வருடம் லேபில் முதலில் செய்த சோதனை அது. சுண்ணாம்பு சேர்ந்தால் மஞ்சள் சிவக்கும், புளிப்புப் பட்டால் பழையபடி மஞ்சளாகும்.

"இன்னாது இது?"

"மஞ்சளும் சுண்ணாம்பும்ணா."

அவர் என்னைப் பார்த்தார். குழியைப் பார்த்தார்.

"ஆரத்தியா? இன்னா தங்கச்சி, இஞ்சினுக்குக் கல்யாணமா?"

பக்கத்துக் கடைக்காரர் வரை அவர் சிரிப்புச் சத்தம் போயிருக்கும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாசலில் தட்டோடு நிற்கும் அம்மாதான் நினைவுக்கு வந்தாள்.

அவரே சிரித்து முடித்துவிட்டுக் காயிலைத் திருப்பிக் காட்டினார். குழியின் வாயை மூடும் ரப்பர் ஓர் இடத்தில் கிழிந்திருந்தது. புதுக் காயில் போட்டபோது பழைய ரப்பரையே எடுத்துப் போட்டிருந்தார். அதை ஒப்புக்கொண்டார். மற்ற மூன்று குழிக்கும் மேல் ஊற்றினால் வழிந்துவிடும். இதற்குள் மட்டும் இறங்கும். இருபத்தைந்து கிலோமீட்டர் ஓடிவந்த இஞ்சின், உள்ளே கொதிக்கும் பீங்கான், மேலே பச்சைத் தண்ணீர். பட்டதும் பீங்கான் விரிசல் விடும்.

"ரப்பரும் மாத்திடறேன், பிளக்கும் மாத்திடறேன்" என்றார். "மத்தது உங்க வூட்டு வேலை."

அம்மா அடுப்படியில் பீர்க்கங்காயை இரண்டாவது முறை வேகவைத்து நீரை வடித்துக்கொண்டிருந்தாள். நைனாவுக்குக் காய்கறியில் உள்ள உப்புச் சத்தெல்லாம் போன பிறகுதான் தர வேண்டும். நடையில் நைனா கட்டிலில் படுத்திருந்தார்.

"ம்மா, நேத்து ஆரத்திய எங்க ஊத்தின?"

"வண்டிலதான்."

"வண்டில எங்க?"

"இஞ்சின் மேல." ஒளிவு மறைவு இல்லாமல் சொன்னாள். "எப்பவும் அமாவாச ஒட்டி நீங்க வர்ற அன்னிக்குத்தான் வண்டிக்குச் சுத்துவேன். நேத்து உங்க நைனா அப்பிடி சொல்ட்டாருன்னு நேத்தும் சுத்தினேன். நெறையாவே கரைச்சு ஊத்தினேன்."

"இஞ்சின் மேல யாராவது ஊத்துவாங்களா?"

"நீதானடி சொன்னே."

"நானா?"

"மொத மொத நின்னுச்சே, ஜூன்ல. டயர்கிட்ட சுத்திக்கினு இருந்தேன். கோளாறு டயர்லயா கீது, இஞ்சின்ல கீது, அங்க போய் சுத்துன்னு சொல்லிட்டுப் போனே. அப்பிடியே பானெட்டையும் தெறந்து வெச்சிட்டுப் போனே."

சொல்லியிருந்தேன். அன்றைக்கு அச்சிறுபாக்கத்தில் வேலைக்கான நேர்காணல். போக முடியாமல் ஆயிற்று. எரிச்சலில் சொன்னது. நான் ஒரு நாளைக்குப் பேசுவதே நாலு வாக்கியம். அதில் ஒன்று இது.

விரிசலைப் பற்றிச் சொன்னேன். சூடு, தண்ணீர், பீங்கான். அம்மா வடிகட்டியைக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"அப்ப அவரு வழியில கெடந்ததெல்லாம் என்னாலதானா?"

"ரப்பர் கிழிஞ்சிருந்துதும்மா. நானும் சொன்னேன் இல்ல."

"ஆகஸ்ட்ல மூச்சு முட்டிச்சே, அதுவுமா?"

 நடையிலிருந்து நைனாவின் குரல் வந்தது.

"ஏன்டி லட்சுமி, எனக்கும் அதே ஆரத்திதான சுத்தற? அதான் நானும் இப்பிடிக் கீறனா?"

அம்மா வடிகட்டியைத் தட்டி வைத்தாள். "ஆமா, உங்க வாய்ல ஊத்தியிருக்கணும்" என்றாள். பிறகு புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்திக்கொண்டு வெகு நேரம் அந்தப் பக்கம் திரும்பி நின்றாள். பீர்க்கங்காய் குழைந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குக் கிளம்பினோம். அம்மா வாசலுக்கு வரவில்லை. நான் டாஷ்போர்டில் கை வைத்துப் பார்த்தேன். புது பிளக், ஸ்பேனர். இரண்டும் இருந்தன. நைனா பின்சீட்டில் படுக்கவில்லை. முன்னால் வந்து உட்கார்ந்தார்.

மாகறல் வந்தது. நாங்கள் வழக்கமாக நிற்கும் இடமும் வந்தது. அங்கே நான் முன்பு தூர எறிந்த பிளக் டப்பா ஒன்று இன்னும் கிடந்தது. நைனா ஸ்பீடோமீட்டரைப் பார்த்துக்கொண்டு வந்தார். முள் இறங்கவில்லை. 

பாலம் ஏறினோம்.

"நிக்கல" என்றார்.

"நிக்காது நைனா."

"அப்ப போய்த்தான் ஆவணும்."

"ஆமா."

 அவர் எதை எதிர்பார்த்து முன்சீட்டில் உட்கார்ந்தார் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. பாலத்தின் முடிவில் கண்ணாடியை இறக்கினார், ஆற்றுக் காற்று வந்தது. பிறகு முழுக்கைச் சட்டையின் பட்டனைக் கழற்றி, ஊசி குத்தும் கையை மெதுவாக மேலே சுருட்டிக்கொள்ள ஆரம்பித்தார். ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது.

மத்தியானம் திரும்பியபோது அம்மா தட்டோடு நின்றிருந்தாள். நைனாவுக்குச் சுற்றினாள். அவர் உள்ளே போனார். நான் பானெட்டைத் திறக்காமல் இறங்கினேன். அம்மா வண்டியைச் சுற்றி ஒரு முறை வந்தாள். முன்னால் வந்து நின்று, கையில் சிவப்புத் தண்ணீரோடு, எங்கே என்று தெரியாமல் என்னைப் பார்த்தாள்.

"டயர்ல ஊத்தும்மா."

"டயர் ஒண்ணும் ஆவாதே?"

"ஆவாது."

இடது முன்சக்கரத்தில், கொஞ்சம் கொஞ்சமாக, அளந்து ஊற்றினாள்.