மூன்றாவது வட்டம்

வேனின் முன் சீட் ஜாக்கெட்டுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. தடித்த கித்தான் துணியில் முழங்கைக்கும் தோளுக்கும் தோல் வைத்துத் தைத்து, மார்பில் ஒன்பது பேட்ஜ் குத்திய ஜாக்கெட். மடித்தால் சுருக்கம் விழும். ஆகவே ரைபிள் கிளப்பின் செயலாளர் அதைக் கைக்குழந்தை மாதிரி மடியில் ஏந்தி முன்னால் உட்கார்ந்துகொண்டார். கணக்கு டீச்சரும் பேக்கரிக்காரரும் பின்னால், குழாய்த் துண்டுகளுக்கும் நான்கு துப்பாக்கிப் பெட்டிகளுக்கும் நடுவில், முழங்காலை மடக்கி அடங்கிக் கிடந்தார்கள். வண்டியை ஓட்டியவன் அதன் சொந்தக்காரன், செயலாளருடைய மனைவியின் தம்பி, தொழில் பிளம்பர்.

ஒன்பது பேட்ஜில் ஏழு, போட்டிக்கு வந்த எல்லோருக்கும் கொடுத்தவை. எட்டாவது ரத்த தானம் செய்ததற்கு. ஒன்பதாவது எதற்கென்று செயலாளருக்கே மறந்துவிட்டது. நிறம் எடுப்பாக இருந்ததால் நடு இடம் அதற்குத்தான்.

"அத்தான், வண்டியை வாசல்லயே நிறுத்திடவா?"

"வாசல்லயா? வண்டிப் பக்கத்துல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா உனக்கு?"

வேனின் இரண்டு பக்கமும் 'அடைப்பா? கூப்பிடுங்க!' என்று அரை ஆள் உயர எழுத்தில் எழுதியிருந்தது.

"தெரியாம என்ன, நான்தானே எழுத வெச்சேன்."

"நாம விருந்தாளி டீமா வந்திருக்கோம். பின்னாடி எங்கயாவது மரத்தடியில போடு."

"மரத்தடியில போட்டா காக்கா எச்சம் போடுமே அத்தான்."

"போடட்டும். எழுத்தாவது மறையும்."

பின்னால் பேக்கரிக்காரர் சிரித்து, சிரித்ததை இருமலாக மாற்றினார்.

செயலாளர் ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகிறது. அதற்கு முன் முப்பத்தொரு வருஷம் அலுவலகத்தில் அவர் மேஜைக்கு எதிரே மனிதர்கள் நின்றுகொண்டுதான் பேசினார்கள். இப்போது வீட்டில், துணி காயப்போடும்போது மனைவி அவரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்கிறாள். அவரை இன்னும் 'சார்' என்று கூப்பிடுகிற இடம், பதினொரு பேர் கொண்ட இந்தக் கிளப் ஒன்றுதான். அதிலும் லீக் ஆட்டத்துக்குப் போகிற நால்வரில் அவர் ஒருவர். அந்த இடம் இருக்கிறவரைதான் அவருக்குப் பிராக்டிஸ் நாளான திங்கட்கிழமை திங்கட்கிழமையாக இருந்தது. மற்றபடி ஏழு நாளும் ஒரே நாள்.

அந்த நால்வரில் மச்சானும் ஒருவன் என்பதுதான் அவர் தொண்டையில் சிக்கிய முள். போன வருஷம் சும்மா துணைக்கு வந்தவன். பட்டாலும் சிரித்தான், படாவிட்டாலும் சிரித்தான். போன மாதம் புதிதாக ஒரு பேங்க் மேனேஜர் கிளப்பில் சேர்ந்திருந்தார். சொந்த ஜாக்கெட், கையைப் பின்னால் கட்டி நிற்கிற நிலை, சுட்டு முடித்ததும் 'ம்' என்று மட்டும் சொல்கிற கம்பீரம். அவரை அணியில் சேர்க்க வேண்டுமென்றால் ஒருவர் வெளியே போக வேண்டும். "நீ போ" என்று மச்சானிடம் நேரடியாகச் சொல்லலாம். அதன் பிறகு வீட்டுக்கு எப்படிப் போவது?

செயலாளர் அலுவலகத்தில் கற்ற வித்தையைக் கையிலெடுத்தார். ஒரு நோட்டீஸ் தட்டெழுதி, எண் போட்டு, வட்ட முத்திரை குத்தி ஒட்டினார்: 'வரும் நட்புப் போட்டியில் நம் நால்வரில் குறைந்த புள்ளி பெறுபவர் லீக் அணியிலிருந்து விலகுவார். விதிவிலக்கு இல்லை.' கடைசி இரண்டு வார்த்தையையும் மூன்று முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். சுவையாக இருந்தது.

மச்சான் நோட்டீஸ் முன்னால் நின்று தலையைச் சொறிந்தான். "யாரை அத்தான் துரத்தப் பாக்கறீங்க?"

"சட்டம் யாரையும் பாக்காது."

"அப்போ என்னைத்தான்."

போட்டிக்கு அழைத்த கிளப், ஒரு காலத்தில் பழக்கிடங்காக இருந்த நீண்ட ஷெட். உள்ளே துடைத்துவிட்ட மாதிரி சுத்தம். கதவோரம் செருப்புகள் வரிசையாக, ஒரு மேஜையில் டீக் கெட்டில், சுவரில் ஒரு கண்ணாடிப் பலகை. தலைவர் ஒரு பல் டாக்டர் அம்மா. அவரே டீ ஊற்றிக் கொடுத்தார்.

"நீங்கதானே செயலாளர்? ஜாக்கெட்டைப் பாத்ததுமே கண்டுபிடிச்சிட்டேன்."

செயலாளர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

வாசலில் வெளுத்த பனியனும் ரப்பர் செருப்புமாக ஒருவர் நின்றார். செயலாளர் தன் பெட்டியைக் காட்டி, "இதைக் கொஞ்சம் உள்ளே வைப்பா" என்றார். அவரும் பணிவாகத் தூக்கிக்கொண்டு போய் வைத்தார். அவர் சலவைக் கடை வைத்திருப்பவர், அந்தக் கிளப்பின் முதல் ஆள், அன்றைக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றேழு அடிக்கப்போகிறவர் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. பெட்டியை அவர் திரும்பவும் வேன் வரை தூக்கி வந்து கொடுத்தார் என்பதும் இங்கே சொல்லப்பட வேண்டியது.

நன்றி சொல்லி இரண்டு வார்த்தை பேசும்படி செயலாளரைக் கேட்டார்கள். அவர் 'நட்பு' என்று ஆரம்பித்து 'கட்டுப்பாடு' வழியாக 'நாட்டின் எதிர்காலம்' வரை போனபோது கெட்டில் கொதித்து விசில் அடித்தது. எல்லோரும் கைதட்டி எழுந்துவிட்டார்கள்.

ஆட்டம் எளிமையானது. இருபத்தைந்து கஜம் தள்ளி, விளக்கு வெளிச்சத்தில் ஆளுக்கொரு அட்டை. அட்டைக்கு ஐந்து கறுப்பு வட்டம், வட்டத்துக்கு இரண்டு குண்டு. நட்ட நடுவில் பட்டால் பத்து. விலக விலகக் குறையும். பாயில் குப்புறப் படுத்துச் சுட வேண்டும். சுடும்போது பேசக் கூடாது. ஆளுக்குப் பத்துத் தோட்டாவை எண்ணி, துளை போட்ட ஒரு மரக்கட்டையில் செருகிக் கொடுத்தார்கள்.

செயலாளருக்கு நான்காம் பாய். மச்சானுக்கு ஐந்தாம் பாய்.

செயலாளர் இரண்டு வட்டத்தை முடித்து, மூன்றாவதில் ஒரு குண்டையும் போட்டுவிட்டார். எல்லாம் எட்டும் ஒன்பதுமாக அவருடைய வழக்கமான மரியாதையான ஆட்டம். மூச்சு வாங்கிக்கொள்ளும் சாக்கில், பக்கத்தில் வைத்திருந்த சின்னத் தொலைநோக்கியை மச்சானின் அட்டைப் பக்கம் மெல்லத் திருப்பினார். மச்சானும் மூன்றாவது வட்டத்தை முடித்திருந்தான். ஒரு துளை ஏழில், ஒன்று எட்டில். இரண்டும் ஒன்றையொன்று தெரியாத மாதிரி எதிர் மூலைகளில் நின்றன. செயலாளருக்கு நெஞ்சு குளிர்ந்தது. நெஞ்சு குளிர்ந்தால் அவருக்கு உபதேசம் வந்துவிடும்.

"முழங்கை," என்றார் கிசுகிசுப்பாக. "முழங்கையை உள்ளே இழு."

"பேசக் கூடாதுன்னு போர்டு வெச்சிருக்காங்க அத்தான்."

"நான் பேசல. சொல்றேன்."

"உஷ்!" என்றார் பின்னாலிருந்து டாக்டரம்மா, பல் பிடுங்கும்போது அழுகிற பெரியவர்களிடம் சொல்கிற அதே குரலில்.

செயலாளர் சட்டென்று துப்பாக்கிக்குத் திரும்பினார். கண் திரும்பியதே தவிர, இடுப்பும் முழங்கையும் மச்சான் பக்கமே சாய்ந்திருந்தன. துப்பாக்கியின் குறிவளையத்துக்குள் பார்த்தால் கறுப்பு வட்டம் எல்லாம் ஒரே கறுப்பு வட்டம்தான். சுட்டார்.

என்ன குண்டு அது! கையும் தோளும் பாயும் தரையும் ஒன்றாகிவிட்டது போல ஓர் அசைவின்மை. விசையை அவர் அழுத்தவில்லை, அதுவே போயிற்று. இருபத்திரண்டு வருஷமாக மற்றவர்களுக்கு அவர் விளக்கிச் சொல்லி வந்த உணர்வு அது. தனக்கு வந்தது இதுதான் முதல் தடவை.

தொலைநோக்கியைத் தன் அட்டைக்குத் திருப்பிப் பார்த்தார். மூன்றாவது வட்டத்தில் ஒரே ஒரு துளை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். அடுத்த நொடியே அறிவு கைகொடுத்தது: இரண்டாவதும் அதே துளை வழியாகப் போயிருக்கும். வேறெப்படி? அதை நம்பி முடிக்க அவருக்கு நான்கு நொடி பிடித்தது. மீதி நான்கு குண்டையும் சுட்டு முடித்தார்.

புள்ளி போடுகிற மேஜையில் டாக்டரம்மா ஒரு கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கணக்கு டீச்சர் தொண்ணூறு. பேக்கரிக்காரர் தொண்ணூற்றொன்று. அடுத்து செயலாளர்.

"சார், பத்துல ஒன்பதுதானே தெரியுது?"

"ஒரே துளை," என்றார் செயலாளர். "ரெண்டும் ஒண்ணா போயிடுச்சு. எனக்கு அப்பப்ப இப்படி ஆகும்."

துப்பாக்கிக் கிளப்புகளில் இந்தக் கதையைச் சொல்லாதவர் கிடையாது, நம்பியவரும் கிடையாது. பேக்கரிக்காரருக்கு மறுபடி இருமல் வந்தது. டாக்டரம்மா மட்டும் முகம் மாறாமல், "நட்புப் போட்டிதானே, இருக்கட்டும். ஒன்பதும் ஒன்பதும்" என்று எழுதினார். மொத்தம் எண்பத்தேழு.

அடுத்து மச்சானின் அட்டை. மூன்றாவது வட்டத்தில் மூன்று துளை.

செயலாளர் அட்டையில் ஒன்பது, பக்கத்து அட்டையில் பதினொன்று. இதற்குக் கணக்கு டீச்சர் தேவையில்லை. ஆனாலும் எல்லோரும் நாகரிகமானவர்கள். ஆளாளுக்கு ஒரு சுவரைப் பார்த்தார்கள்.

"அவசரத்துல ஒண்ணு கூடச் சுட்டிருப்பான்," என்றார் செயலாளர். "இவனுக்குக் கை சும்மா இருக்காது."

"கட்டையில பத்துதானே அத்தான் குடுத்தாங்க? பதினொண்ணாவதுக்கு நான் எங்க போவேன், வீட்லருந்து கட்டிக்கிட்டா வந்தேன்?"

"சரி சரி," என்றார் டாக்டரம்மா. "யாரோட குண்டுன்னு தெரியலன்னா, மூணுல நல்ல ரெண்டை அட்டைக்காரருக்குக் குடுத்திடறது எங்க வழக்கம்." கூட்டினார். "எண்பத்தாறு."

எண்பத்தேழு, எண்பத்தாறு. ஒரு புள்ளி. சட்டம் யாரையும் பார்க்காமல் சரியான ஆளைப் பார்த்துவிட்டது. செயலாளரின் மனக்கண்ணில் பேங்க் மேனேஜர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு 'ம்' என்றார்.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். டாக்டரம்மா இன்னொரு தடவை குனிந்ததுதான் வினை.

"அடேயப்பா! இங்க வாங்க, வந்து இதைப் பாருங்க."

சலவைக் கடைக்காரர் வந்து குனிந்தார். பார்த்துவிட்டு நிமிர்ந்து, கையைப் பனியனில் துடைத்துக்கொண்டு மச்சானின் கையைப் பிடித்தார். "நடுப் புள்ளியையே பேத்துக்கிட்டுப் போயிருக்கு. ஒரு முடி அளவு இந்தப் பக்கம் இல்ல, அந்தப் பக்கம் இல்ல. நானும் பதினாலு வருஷமா சுடறேன். இப்படி ஒண்ணு எனக்கு விழுந்ததில்ல."

"பிளம்பர் கைன்னா சும்மாவா?" என்றார் யாரோ.

மச்சான் அத்தானை ஓரக்கண்ணால் பார்த்தான். ஒரு நிமிஷம் யோசித்தான். பிறகு, "எல்லாம் அத்தான் புண்ணியம்," என்றான். "முழங்கையை உள்ளே இழுன்னாரு. இழுத்தேன்."

செயலாளர் சிரிக்க முயன்றார். வாய் ஒத்துழைக்கவில்லை.

"இதை எங்க பலகையில மாட்டிடலாம்," என்றார் டாக்டரம்மா. "கீழே உங்க பேரைக் கொட்டை எழுத்துல எழுதிக் குடுங்க. வர்றவங்க எல்லாம் பாக்கட்டும்."

யாரோ பேனாவை நீட்டினார்கள். யாரோ போட்டோ எடுக்கப் போனை உயர்த்தினார்கள். மச்சான் பேனாவை வாங்கி மூடியைக் கழற்றினான். இருபத்திரண்டு வருஷம், செயலாளருக்குள் ஏதோ ஒன்று கத்தியது. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரே ஒரு குண்டு. அதற்குக் கீழே 'அடைப்பா? கூப்பிடுங்க!'காரன் பேரா?

"அது என் குண்டு!"

எல்லோரும் திரும்பினார்கள்.

"என்ன சார்?"

"என் குண்டு. நான் சுட்டது. தவறிப்போய் அவன் அட்டையில பட்டிருச்சு. ஆனா என்னோடது."

"அப்போ அந்த ஒரே துளை, சார்?" என்று கேட்டார் கணக்கு டீச்சர்.

"ஒரே துளையும் இல்ல, ஒண்ணும் இல்ல. டீச்சர், கொஞ்சம் சும்மா இருங்க."

டாக்டரம்மா பூதக்கண்ணாடியைக் கழற்றினார். "சார், இந்தக் காலத்துல இப்படி யாரு ஒத்துக்குவாங்க? பெரிய மனசு உங்களுக்கு."

கைதட்டல் எழுந்தது. பேச்சுக்குக் கிடைத்ததைவிடப் பலமாகவே இருந்தது. அதைக் கேட்கக் கேட்க, தான் ஒப்புக்கொண்டது நேர்மையால்தான் என்பது செயலாளருக்கு விளங்கிற்று. "நமக்கு நேர்மைதானே முதல்ல," என்று கையை உயர்த்தினார். உயர்த்திய கை இறங்குவதற்குள் டாக்டரம்மா இரண்டு அட்டையையும் திருத்திவிட்டார். வழி மாறிய குண்டுக்குப் பூஜ்யம். செயலாளர் எழுபத்தெட்டு. மச்சான் எண்பத்துமூன்று.

"விதிவிலக்கு..." என்று ஆரம்பித்த பேக்கரிக்காரர், செயலாளர் முகத்தைப் பார்த்துவிட்டு, "டீ இன்னும் இருக்கா?" என்று முடித்தார்.

திரும்பும்போது ஜாக்கெட் பின்னால் குழாய்களின் மேல் கிடந்தது. மடித்துத்தான். பேட்ஜ் குத்துகிறதென்று டீச்சர் அதைத் திருப்பிப் போட்டிருந்தார். செயலாளர் மடியில் இப்போது அந்த அட்டை இருந்தது. டாக்டரம்மா யோசித்துவிட்டு, மாட்டாமல் அவரிடமே கொடுத்துவிட்டார்.

வேன் பெரிய ரோட்டில் ஏறியது.

"நோட்டீஸை நான் கிழிச்சிடட்டுமா அத்தான்? காத்துல போயிடுச்சுன்னு சொல்லிக்கலாம்."

"முத்திரை குத்தியிருக்கு."

"முத்திரை குத்தின காகிதம் காத்துல பறக்காதா?"

பறக்கத்தான் செய்யும். ஆனால் அதை எழுதியவர் செயலாளர். முப்பத்தொரு வருஷமாக அடுத்தவர்களுக்கு 'விதிவிலக்கு இல்லை' என்று எழுதித் தந்தவர், ஒரு தடவையாவது அந்த வார்த்தையின் ருசியை மறுபக்கத்திலிருந்து பார்க்க வேண்டியிருந்தது. கசந்தது.

"இந்த அட்டை மேல உன் பேர் எழுதியிருக்கு," என்றார்.

"ஃப்ரேம் போட்டா மேல் விளிம்பு மறைஞ்சிடும். நானே அளவு பாத்துப் போட்டுத் தரேன்."

"மத்த துளையெல்லாம் உன்னோடது."

"வட்டத்தை மட்டும் வெட்டிக்கலாமே."

செயலாளர் அட்டையை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். நடுத்துளை வழியாக வந்த ஒரு பொட்டு வெளிச்சம் அவருடைய கட்டைவிரல் மேல் விழுந்தது. அவர் கையை ஆட்டாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

"வெட்ட வேணாம்," என்றார். "அந்த ஏழும் எட்டும் பக்கத்துல இருந்தாத்தான் இது எப்படிப்பட்டதுன்னு தெரியும்."

மச்சான் சிரித்தான். சிரித்து முடித்து, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "திங்கட்கிழமை பிராக்டிஸுக்கு வருவீங்கல்ல அத்தான்?" என்று கேட்டான். குரலில் விளையாட்டு இல்லை.

"ஏன் வர மாட்டேன்? நான் வரலன்னா உன் முழங்கையை யாரு பாக்கறது?"

மச்சான் ஸ்டீயரிங்கில் முழங்கையை உள்ளே இழுத்துக்கொண்டான்.