மாமியார் சொல்லிக்கொடுத்த ஸ்பானிஷ்

மருமகளுக்குத் தெரிந்த ஸ்பானிஷ் மொத்தமும், தமிழ் ஒரு சொல்லும் தெரியாத மாமியாரின் வாயிலிருந்து வந்ததுதான். வீட்டு முன்னறையில் மாமியாரின் தையல்கடை. பதினொரு வருஷமாக இவள் அங்கே எடுபிடி. மாமியார் கையை நீட்டி "தாமெலோ" என்றால் கத்தரிக்கோலைக் கொடுக்க வேண்டும். "த்ராயெமெலோ" என்றால் ஓடிப்போய் எடுத்துவர வேண்டும். "தெஸ்கோசெலோ" என்றால் போச்சு, காலையிலிருந்து தைத்ததையெல்லாம் பிரிக்க வேண்டும். கொடு, எனக்கு, அதை எல்லாம் ஒரே சொல்லாக ஒட்டிக்கொண்டு வந்து விழும். நடுவில் மூச்சு விடக்கூட இடம் இருக்காது. கூடவே விரலில் மாட்டிய இரும்பு உறையால் மேஜையில் இரண்டு தட்டு. இவளைக் கட்டிக்கொண்டவனோ இவளுக்காகத் தமிழ் கற்றுக்கொண்டு அதிலேயே குடித்தனம் நடத்திவிட்டான். வேறு ஸ்பானிஷ் இவள் எங்கே போய்க் கேட்பாள்?

அந்த மாமியாருக்குப் பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. காதில் விழுவது மட்டும் புரிந்தது. யார் மாத்திரை கொடுத்தாலும் வாயை இறுக்கிக்கொண்டாள்.

மாமியாரை முதியோர் இல்லத்தில் விடலாம் என்று நாத்தனார்தான் ஆரம்பித்தாள். அண்ணியோடு வம்பு பேசுவதற்காகவே தமிழ் படித்தவள் அவள். அந்தப் பேச்சு ஸ்பானிஷில் காதில் விழுந்த அன்று மாமியார் இடது கையால் மருமகளின் புடவையைப் பிடித்தவள், சாயங்காலம் வரை விடவில்லை. "உங்கள எங்கயும் அனுப்ப மாட்டேன் அத்தை" என்று இவள் தமிழில்தான் சொன்னாள். அது மட்டும் எப்படியோ புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வருவதாக இருந்தது. அதற்கு முதல் நாள், லாரி ஓட்டிக்கொண்டு எங்கேயோ இருந்த தன் புருஷனுக்கு மருமகள் போன் போட்டு, மாத்திரைக்கு வாயே திறக்கவில்லை என்றாள்.

"கொஞ்சம் கெஞ்சிக் கேட்டுப் பாரேன்."

"உங்க பாஷையில எனக்குக் கெஞ்சத் தெரியாதுங்க. உங்கம்மா கெஞ்சி நான் எப்பக் கேட்டேன்?"

அவன் நாலு நயமான வார்த்தைகளைச் சொல்லிக்கொடுத்தான். இவள் போய்ச் சொன்னாள். யார் வீட்டு விருந்தாளியோ பேசுகிற மாதிரி மாமியார் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

ஞாயிறு காலை நாத்தனார் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் வாசற்படியில் நின்றாள்.

"பதினஞ்சு நாளாச்சு அண்ணி. மாத்திரை உள்ள போகலன்னா இன்னொரு தடவை வரும்னு டாக்டர் சொல்லிட்டார். அங்க இடம் காலியா இருக்கு. இப்பக் குடுத்துக் காட்டுங்க. சாப்பிட்டா நான் பேசாமப் போயிடறேன்."

மருமகள் மாத்திரையை நீட்டினாள். வாய் திறக்கவில்லை. அத்தை என்றாள், அம்மா என்றாள், புருஷன் சொன்ன நாலு வார்த்தையையும் சொன்னாள். நாத்தனார் போனை எடுத்து நம்பரைத் தேடத் தொடங்கினாள்.

அப்போதுதான் அது வந்தது. ஒருமுறை இவள் காய்ச்சலில் கிடந்தபோது மாமியார் மாத்திரையோடு தலைமாட்டில் நின்று, முழுங்கு என்று அதட்டிய சொல்.

"தோமத்தெலா."

சொல் மட்டும் வந்திருந்தால் பரவாயில்லை. குரலும் கூடவே வந்துவிட்டது. விரல் முட்டி தானாகவே கட்டில் சட்டத்தில் இரண்டு தட்டுத் தட்டியது.

மாமியாரின் தோள் சட்டென்று ஒடுங்கியது. வாய் திறந்தது. மாத்திரை போனது, தண்ணீரும் போனது. விழுங்கிவிட்டேன் என்று காட்ட, கேட்காமலேயே நாக்கை நீட்டினாள்.

"பரவாயில்லையே அண்ணி" என்றாள் நாத்தனார். "அசல் அம்மாவே சொன்ன மாதிரி இருந்துச்சு. உங்க பேச்சுக்கு நல்லாத்தான் அடங்கறாங்க. இங்கயே இருக்கட்டும்." போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மருமகள் கட்டிலோரம் உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்க ஒரு சொல்லைத் தேடினாள். தாமெலோ, த்ராயெமெலோ, தெஸ்கோசெலோ. அவ்வளவுதான் இருந்தது. கடைசியில் அந்த இடது கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று தன் கையை நீட்டினாள்.

மாமியார் பதறிப்போய்ப் படுக்கையைத் துழாவினாள். கட்டிலை ஒட்டிய ஜன்னல் மேடையில் தையல் கத்தரிக்கோல் அகப்பட்டது. கூர்முனையைத் தன் பக்கம் வைத்து, பிடியை மருமகள் பக்கம் திருப்பி, தலையைக் குனிந்துகொண்டு நீட்டினாள். பதினொரு வருஷம் இவள் மாமியாருக்கு நீட்டியது அப்படித்தான்.