பின் இருக்கையில் றொனி

றொனி அந்தப் பனிவண்டியை ட்ரெயிலரில் ஏற்றிக்கொண்டு பலெர்மோவின் பிரான்காச்சோ பகுதிப் பட்டறை வாசலில் வந்து நின்றபோது, நிரோசினி ஒரு ஸ்கூட்டரின் பிறேக்கைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். வந்தது யாரென்று தெரிந்தும் அவள் எழும்பவில்லை. கையிலிருந்த ஸ்பானர்ச் சாவியை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வருசம் முழுக்க மோட்டார் சைக்கிள் திருத்தும் பட்டறைதான் அது. பனிக்காலம் வந்தால் மதோனியே மலையில் உள்ள விடுதியின் பனிவண்டிகளும் வரும். முன்னுக்கு இரண்டு சறுக்குக் கட்டை, பின்னுக்கு ரப்பர்ப் பட்டி, நடுவில் இருவர் இருக்கிற நீட்டு இருக்கை. முதலாளி சால்வோவுக்கு முழங்கால் வருத்தம் வந்த பிறகு அந்த வண்டிகளின் அடியில் படுப்பது நிரோசினிதான். றொனி அந்த விடுதியில் உல்லாசப் பயணிகளை வண்டியில் ஏற்றி ஓடுகிறவன்.

இரண்டு வருசத்துக்கு முன்பு நிரோசினியின் புருசன் எமிலியானுசும் அதே விடுதிக் குசினியில் சமையல் வேலை செய்தார். ஒரு மாசி மாதப் பின்னேரம் வாகனத் தரிப்பிடத்திலிருந்து விடுதிக்கு அவரை றொனி பின்னால் ஏற்றிக்கொண்டு போனான். வழியில் சில பெண்பிள்ளைகள் நின்று படம் எடுத்தார்கள். அது போதும் றொனிக்கு. வண்டியை மேடுகளின் மேலால் பறக்கவிட்டான். பின் ஸ்பிரிங் இரண்டும் தனி ஆளுக்கு விட்டிருந்த மெத்தென்ற நிலையில் கிடந்தன. இருவரின் பாரம் அவற்றுக்குத் தாங்காது. ஒவ்வொரு பள்ளத்திலும் பின் இருக்கை அடியோடு போய் இரும்பில் இடித்தது. எமிலியானுஸ் நிறுத்தச் சொல்லிக் கத்தினார். விடுதி வாசலில் வண்டி நின்றபோது அவரால் இறங்க முடியவில்லை. இடுப்புக்கு மேலே ஒரு எலும்பு நொறுங்கிப் போயிருந்தது.

அதையாவது அவள் பொறுத்திருப்பாள். பொறுக்க முடியாதது றொனி சொன்ன கதை. "ஆள் நல்ல குடிவெறி. பின்னாலை பிடிக்காமல் இருந்து விழுந்திட்டார்" என்று முதலில் விடுதிக்காரருக்குச் சொன்னான். பிறகு தமிழ்ப் பூசை முடிந்த கத்தோலிக்கக் கோயில் வாசலில் எல்லோருக்கும் சொன்னான். மடுமாதாவுக்கு நேர்ந்து குடியை விட்ட மனிசன் எமிலியானுஸ். பலெர்மோவில் அவர் ஒரு சொட்டு வைனும் தொட்டதில்லை. ஆனால் கோயிலில் அந்தக் கதையைக் கேட்டுவிட்டுச் சுகம் விசாரிக்க வந்த அகஸ்ரீனா அக்கா, கட்டிலில் கிடந்தவருக்குக் கேட்கத்தக்கதாக, "மனிசனைக் கொஞ்சம் கட்டுப்படுத்தி வைச்சிருக்கலாமே பிள்ளை" என்றாள். அதோடு எமிலியானுஸ் கோயிலுக்குப் போவதை விட்டார். நடக்க முடிந்த பிறகும் போகவில்லை. போர்கோ வெக்கியோவில் சந்தைக்கு மேலே உள்ள வீட்டில், கீழே மீன் விற்கிறவர்களின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஜன்னலடியில் இருந்தார்.

றொனி பட்டறைக்குள் வந்தான்.

"அக்கா, இதை ஒருக்காப் பாத்துத் தாங்கோ. ஏறுற சனம் எல்லாம் முதுகு நோகுது எண்டு முறையிடினம். திருப்பினாலும் திரும்பாமல் நேரை போகுது."

"விட்டிட்டுப் போம். பாக்கிறன்."

அவன் போகவில்லை. "பழசையெல்லாம் மனசிலை வைச்சிருக்கிறியளோ? அண்ணை எப்பிடி, இப்ப குடிக்கிறேல்லைத்தானே?"

நிரோசினி அவன் முகத்தைப் பார்த்தாள். கேலியும் இல்லை, பயமும் இல்லை. தான் சொன்ன பொய்யைத் தானே நம்பிவிட்டவனின் முகம்.

"சனிக்கிழமை மலைக்குக் கொண்டு வாறன். பனியிலை ஓடிப் பாத்துத்தான் தரவேணும்" என்றாள்.

அவன் போனதும் வண்டியை உயர்த்தி அடியில் படுத்தாள். பின் ஸ்பிரிங் இரண்டும் அதே மெத்தென்ற நிலையில் கிடந்தன. ஒரு மனிசனின் முதுகை முறித்த பிறகும் அவன் அதைத் தொடவில்லை! சாவியைப் போட்டு இரண்டு பக்கமும் திருப்பினால் முடிகிற வேலை. அந்தச் சோம்பல்தான் அவளுக்கு எல்லாவற்றையும் விடப் பெரிய அவமானமாகப் பட்டது.

சறுக்குக் கட்டையைப் பிடித்திருந்த திருகாணியில் சாவியைப் போட்டாள். அரைவாசிக்குக் கழற்றினாள். இப்படியே விட்டால் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ வளைவில் கட்டை கழன்று போகும். வண்டி நேரே பள்ளத்துக்குள் போகும். அவள் ஆணியில் கையை வைத்துக்கொண்டு அதை ஆறுதலாக நினைத்துப் பார்த்தாள். நினைக்க இனிப்பாக இருந்தது. பிறகு, கோயிலில் றொனியின் படத்துக்கு முன்னால் மெழுகுதிரி எரிவதும், சனம் அழுவதும், அகஸ்ரீனா அக்கா ஒப்பாரி வைப்பதும் மனக்கண்ணில் தெரிந்தன. செத்தவன் சொன்ன கதையை யார் பொய் என்பார்கள்? எமிலியானுஸ் காலம் முழுக்கக் குடிகாரனாகவே இருப்பார். அதோடு, வண்டியில் றொனிக்குப் பின்னால் யாரோ ஒருத்தியின் பிள்ளையும் ஏறியிருக்கக்கூடும்.

ஆணியைத் திருப்பி இறுக்கினாள். இரக்கத்தால் அல்ல. அவன் உயிரோடு வேண்டும், வாய் திறந்து கத்தவும் வேண்டும்.

முன்பக்கத்தை ஒழுங்காகவே செய்தாள். ரப்பர்ப் பட்டிக்குள் உள்ள நாடாவைச் சுருக்கிக் கட்டி, பாரம் முன் கட்டைகளில் விழ வைத்தாள். கட்டைகள் பனியைக் கவ்வினால்தான் வண்டி சொன்ன பக்கம் திரும்பும். தானே ஓட்டப்போகிற வண்டி அல்லவா? பின் ஸ்பிரிங்குகளை மட்டும் அவன் வைத்திருந்தபடியே விட்டாள்.

சனிக்கிழமை மலை வெள்ளையாகக் கண்ணைக் கூசவைத்தது. றொனி தரிப்பிடத்தில் காத்துக்கொண்டு நின்றான்.

"பின்னாலை ஏறும். ரெண்டு பேரின்ரை பாரத்திலைதான் ஸ்பிரிங்கைப் பாக்கவேணும்."

"நானோ பின்னாலை?" சிரித்துக்கொண்டு ஏறினான்.

முதல் மேட்டில் நிரோசினி முழங்காலை மடித்து இருக்கையை விட்டு எழும்பினாள். முன்னால் நிற்கிறவருக்கு மேடு தெரியும், பின்னால் இருக்கிறவருக்குத் தெரியாது. வண்டி பள்ளத்தில் இறங்கியபோது பின்பக்கம் அடியோடு போய் இடித்தது. "அம்மா!" என்றான் றொனி.

இரண்டாவது மேடு. மூன்றாவது.

"அக்கா, மெதுவா! முதுகு!"

"நீ அண்டைக்கு ஓடின வேகத்திலை இது பாதியும் இல்லை." அவளுக்கே தெரியாமல் 'நீர்' போய் 'நீ' வந்துவிட்டது.

"நிப்பாட்டுங்கோ! ஐயோ, நிப்பாட்டுங்கோ!"

நிறுத்தினாள். எஞ்சினை நிறுத்தவில்லை. திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"அவரும் இப்பிடிக் கத்தினவரோ?"

பின்னால் முனகல்தான் வந்தது. அவள் வண்டியை எடுத்தாள். இன்னொரு பள்ளம்.

"கத்தினவர்! ஓம், கத்தினவர்!"

"உனக்குக் கேட்டதோ?"

"கேட்டது."

"வெறியோ?"

"இல்லை அக்கா. இல்லை. வேலை போயிடும் எண்ட பயத்திலை சொன்னனான்."

மிச்ச வழியை அவள் ஆறுதலாக ஓட்டினாள். விடுதி வாசலில் குசினிக்காரர் பேரின்பநாயகம் குளிருக்குள் சிகரெட் பத்திக்கொண்டு நின்றார். யாழ்ப்பாணத்தார். எமிலியானுசின் இடத்துக்கு வந்தவர். றொனி இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கியதைப் பார்த்துச் சிகரெட்டை எறிந்துவிட்டு ஓடி வந்தார்.

"என்ன நடந்தது?"

"இவர் உங்களுக்கு ஒண்டு சொல்லப்போறார் அண்ணை" என்றாள் நிரோசினி.

றொனி நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். சொல்லி முடித்ததும் தலையை நிமிர்த்தி, "இவ என்னை வெருட்டித்தான் சொல்ல வைச்சவ" என்றான்.

"ஓம், வெருட்டினனான். சொன்னது பொய்யெண்டால் ஏறு, இன்னொருக்காப் போவம்."

அவன் ஏறவில்லை. பேரின்பநாயகம் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"எனக்கும் உந்தக் கதையைத்தானேயடா சொன்னனீ. நான் அந்த மனிசனைத் தெரியாமலே குடிகாரன் எண்டு நினைச்சுக்கொண்டு அவரின்ரை சட்டியிலை சமைக்கிறன்."

நிரோசினி வண்டியைச் சரித்து, சாவியைப் போட்டு, பின் ஸ்பிரிங் இரண்டையும் ஆகக் கடினமான நிலைக்குத் திருப்பினாள். பயணிகள் ஏறப்போகிற வண்டி. பிறகு, குசினிக்குள் போய்த் தேநீரோடு வந்த பேரின்பநாயகத்தை ஏற்றி அதே மேடுகளால் ஒருதரம் போய் வந்தாள். அவர் கையிலிருந்த தேநீர் கொஞ்சம்தான் சிந்தியது.

வீட்டுக்குப் போனதும் எமிலியானுசுக்கு எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஜன்னலடியில் இருந்தபடியே கேட்டார்.

"அவனுக்கு எலும்பு ஒண்டும் உடையேல்லைத்தானே?"

"இல்லை. நோவுதான். நான் பாத்துத்தான் ஓடினனான்."

"அப்ப சரி." ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "கத்தினவனோ?"

"ஓம்."

"பெரிசாவோ?"

"மலை முழுக்கக் கேட்டிருக்கும்."

அவர் சிரித்தார். சிரித்தால் முதுகு நோகும். நொந்தும் சிரித்தார்.

றொனி சால்வோவிடம் முறையிட்டான். சால்வோ பட்டறை அதிரக் கத்திவிட்டு, அந்தக் குளிர்காலம் முழுக்க அவளைப் பனிவண்டிகளின் பக்கம் விடவில்லை. அவள் மறுத்துப் பேசவில்லை. கதை பேரின்பநாயகத்தின் வாயால் ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையப் பக்கம் உள்ள தமிழ்க் கடைகளுக்கு வந்து, அங்கிருந்து கோயிலுக்குப் போனது. அகஸ்ரீனா அக்கா புட்டோடு வீட்டுக்கு வந்து, "எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்" என்றாள். நிரோசினி புட்டை வாங்கிக்கொண்டாள். உள்ளே வரச் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எமிலியானுஸ் சவரம் எடுத்து, வெள்ளைச் சேட் போட்டுக்கொண்டு பூசைக்கு வந்தார். சனம் கோயில் வாங்கில் தள்ளி இருந்து இடம் விட்டது. ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லச் சுவாமியார் கேட்டபோது, இரண்டு வரிசை முன்னால் நின்ற றொனி மெல்லத் திரும்பி இருவரையும் பார்த்துக் கைகூப்பினான். இடுப்பு அவனுக்கு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை.

எமிலியானுஸ் கைகூப்பினார்.

நிரோசினி கைகளைக் கட்டிக்கொண்டு, அவன் திரும்பும்வரை அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.