அறுபட்ட பச்சைக் கோடு

உயிரணுக்களைச் சூழ்ந்து தாங்கும் சட்டகம் புரதங்களால் ஆனது. கொலாஜன் உறுதி தரும். எலாஸ்டின் நீண்டு சுருங்கும். லாமினின் உயிரணுக்களை அடித்தளத்தோடு பிணைக்கும். பதினெட்டு ஆண்டுகளாக மருத்துவமனைத் திசுக்கூடத்தில் சாயமேற்றும் அக்காவுக்கு இவையெல்லாம் தண்ணீர் பட்ட பாடு.

அன்று அவர் சாயமேற்றியது தம் சொந்தத் தோலுக்கு. தம்பிக்கு நான்காம் வகைக் கொலாஜனில் பிறவிக் குறை. சவ்வு கந்தலாகிச் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்திருந்தன. அதே புரதம் தோலின் அடித்தளத்திலும் உண்டு. அங்கே அது அறாத கோடாக ஒளிர்ந்தால், அக்கா தம் சிறுநீரகம் ஒன்றைத் தம்பிக்குத் தரலாம்.

நுண்ணோக்கியில் கண் வைத்தார். பச்சைக் கோடு சிறிது தூரம் ஓடி அறுந்தது. மீண்டும் தோன்றி, மீண்டும் அறுந்தது.

"கழுவும்போது பிச்சுட்டேன் போல."

எதற்கும் மணி பார்ப்பதால் 'கடிகாரம்' எனப் பெயர்பெற்ற சக ஊழியர் சிரித்தார். "எல்லாரும் தப்பு நடக்கக்கூடாதுன்னு வேண்டுவாங்க. நீங்க நடந்திருக்கணும்னு வேண்டுறீங்களே, மேடம்!"

அக்கா அதே தகட்டில் லாமினினுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றியிருந்தார். அந்த ஒளிக்கு மாற்றிப் பார்த்தார். சிவப்புக் கோடு ஓரிடத்திலும் அறவில்லை. திசு கிழியவில்லை, கை பிசகவில்லை. கொலாஜன்தான் பாதி இடங்களில் இல்லை.

அழுகை வரவில்லை. கையுறையைக் கழற்றினார். முடிவுத்தாளில் 'தொடர்ச்சியற்றது' என்று எழுதினார்.

மருத்துவர் கையெழுத்திட்டார். "உங்களுக்கும் இந்தக் குறை பாதி இருக்கும்மா. உங்க கிட்னியைத் தொட முடியாது. இனிமே வருஷா வருஷம் நீங்களும் டெஸ்ட் பண்ணிக்கணும்."

"சரிங்க டாக்டர்."

கூடத்துக்குத் திரும்பி வந்ததும் கைபேசி ஒலித்தது. தம்பி. அந்நோய் அவன் காதுகளையும் பாதித்திருந்ததால் எப்போதும் உரக்கவே பேசுவான்.

"என்னக்கா, பார்சல் கட்டியாச்சா? இருக்கறதுல நல்லதா பாத்துக் குடு. சொத்தையைத் தள்ளி விட்டுடாதே!"

"என்னோடது ஆகாதுடா."

"ஒண்ணும் கேக்கலை. சத்தமா சொல்லு."

"ஆகாதுடா. எனக்கும் அதே குறை இருக்கு."

"கத்துக்கா, கத்து!"

அக்கா கத்தினார். கூடத்தில் இருந்த தலைகள் அனைத்தும் திரும்பின. பிறகு ஒவ்வொன்றாகத் தம் வேலையில் குனிந்தன.

மறுமுனையில் டயாலிசிஸ் இயந்திரத்தின் ஓசை கேட்டது. பிறகு அவன், வழக்கமில்லாத மெல்லிய குரலில் கேட்டான்.

"உனக்குக் காது நல்லா கேக்குதுல்ல?"

"கேக்குதுடா" என்றார் அக்கா.

அதையும் அவர் கத்தியே சொல்ல வேண்டியிருந்தது.