அரிசி மூட்டைக்குக் கால் இல்லை

என் பவர் வீல்சேரில் முதன்முதலாக உட்கார்ந்தது நான் இல்லை. இருபத்தைந்து கிலோ சோனா மசூரி அரிசி மூட்டை இரண்டு, பத்து கிலோ கோதுமை மாவுப் பை ஒன்று, அதன் மேல் இரண்டு கிலோ துவரம் பருப்பு. மொத்தம் அறுபத்திரண்டு கிலோ. அதுதான் என் எடை. என் கணவர் பாலசுப்ரமணியன் இதையெல்லாம் பெல்ட் போட்டுக் கட்டி, ஹாலிலிருந்து சமையலறைக்கும் சமையலறையிலிருந்து பால்கனிக்கும் ஓட்டிக்கொண்டிருந்தார். நான் சோபாவில் உட்கார்ந்து என்னையே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பாதுகாப்புத் துறை ஆய்வகம் ஒன்றில் முப்பத்தோரு வருடம் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தவர். வந்து இறங்கும் எந்தச் சாமானையும் மணல் மூட்டை ஏற்றி, குலுக்கி, மேட்டில் ஏற்றி இறக்கிப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவார். அது என்ன சாமான், எதற்கு என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சாயங்காலம் வந்ததும், "இன்னைக்கு ஆபீஸ்ல என்னங்க?" என்று கேட்டால், "அதெல்லாம் வெளிய சொல்றதில்ல" என்பார். கேன்டீனில் என்ன சாப்பிட்டார் என்று தெரிந்துகொள்ளத்தான் நான் கேட்டேன். அதுவும் வெளியே வந்ததில்லை.

எனக்கு இரண்டு வயதில் போலியோ. கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டே படித்து, கல்யாணம் பண்ணி, செகந்திராபாத்தில் ரயில்வே ரிசர்வேஷன் கவுண்டரில் வேலையும் பார்த்து முடித்தேன். மூன்று வருடத்துக்கு முன் தோள் இரண்டும் இனி முடியாது என்று கையை விரித்துவிட்டன. வலது பக்கம் ரொம்ப மோசம், தோசைக் கரண்டியைப் பிடிப்பதே பெரும்பாடு. அன்றிலிருந்து சாதாரண சக்கர நாற்காலி, பின்னால் தள்ளிக்கொண்டு அவர். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. அதுதான் பெரிய சங்கடம். இப்படிப்பட்ட மனிதரைத் திட்டவும் வாய் வராது.

ஆனால் ஒரு குறை உண்டு. இரண்டு தெரு தள்ளி, மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் ஆக்னஸ் இருக்கிறாள். இருபது வருடம் என் பக்கத்து கவுண்டர். அவள் வீட்டுக்கு இவர் என்னைத் தள்ளிக்கொண்டு போவார், போன கையோடு அங்கேயே உட்கார்ந்தும்விடுவார். டீ குடிப்பார், எங்களுக்கு நடுவில் பேப்பர் படிப்பார். இவரை வைத்துக்கொண்டு யாரைப் பற்றிப் பேசுவது? முக்கியமாக, இவரைப் பற்றி எப்படிப் பேசுவது? மூன்று வருடமாக நானும் ஆக்னஸும் வெயிலைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தோம். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. ஆக்னஸ் வீட்டுக்கு நான் தனியாகப் போய் வர வேண்டும்.

இதை வாய்விட்டு அவரிடம் சொல்லத்தான் முடியவில்லை. "பவர் வீல்சேர் வாங்கலாமா?" என்று மட்டும் கேட்டேன். அவ்வளவுதான், மனிதருக்குப் பழைய உத்தியோகம் திரும்பக் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. குகட்பள்ளியில் ஒரு கடைக்குத் தனியாகவே போய், இருப்பதிலேயே பெரிய மோட்டார், பெரிய பேட்டரி, பெரிய பின்சக்கரம் உள்ளதைப் பார்த்து, மூன்று நாள் பரீட்சைக்கு வாங்கி வந்துவிட்டார்.

அரிசி மூட்டை எல்லாவற்றிலும் பாஸ். வாசல் மரப்பலகையில் ஏறியது. லிஃப்டில் போய் வந்தது. அவசர பிரேக்கில் பருப்பு மட்டும் சற்று முன்னால் சரிந்தது, அதையும் எழுதிக்கொண்டார். இரண்டு பக்கத்தில் ரிப்போர்ட் தயாரித்து, கடைசியில் 'ஏற்கலாம்' என்று கையெழுத்தும் போட்டார்.

"ஓகே, இப்ப நீ உட்காரு" என்றார்.

உட்கார்ந்தேன். ஜாய்ஸ்டிக் வலது பக்கம் இருந்தது. என் வலது கை அதைப் பிடிக்கவில்லை, அதன் மேல் விழுந்தது. வண்டி ஒரு அரைவட்டம் அடித்துச் செருப்பு ஸ்டாண்டில் மோதி நின்றது. இடது கையைக் குறுக்கே நீட்டி, உடம்பைத் திருகிக்கொண்டு எப்படியோ லிஃப்டுக்குள் போனேன். லிஃப்ட் கதவு சாத்தவில்லை. என் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மூட்டையை ஏற்றியபோது கால்தட்டை மடக்கி வைத்திருந்தார். அரிசி மூட்டைக்குத்தான் கால் இல்லையே! கதவு வந்து என் பாதத்தை இடிப்பதும், பீப் பீப் என்று கத்திவிட்டுத் திரும்பிப் போவதுமாக இருந்தது.

"பரவால்ல" என்றார் அவர். "பின்னாடி இன்னொரு ஜாய்ஸ்டிக் இருக்கு, கூட வர்றவங்களுக்கு. நான் ஓட்டிக்கிறேன். கால மட்டும் கொஞ்சம் மடக்கிக்கோ."

எனக்கு வந்ததே ஒரு கோபம்! "அப்ப எதுக்கு இந்த வண்டி? இதுவரைக்கும் தள்ளுனீங்க, இனிமே அமுக்குவீங்க. நான் அதே மூட்டைதானே? எனக்குத் தனியா போகணுங்க. நீங்க இல்லாம. ஆக்னஸ் வீட்டுக்கு."

சொன்ன பிறகு அழுகை வந்துவிட்டது. அவர் முகம் சுருங்கிப்போனதைப் பார்த்து இன்னும் அழுதேன்.

என்னை உள்ளே கூட்டி வந்து சோபாவில் உட்கார வைத்தார். ரிப்போர்ட்டை எடுத்தார். 'ஏற்கலாம்' என்பதை அடித்து 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதினார். காரணம் என்ற இடத்தில், 'பரிசோதித்த முறை தவறு' என்று எழுதி என்னிடம் நீட்டினார். எத்தனையோ கம்பெனிக்காரர்களை வெறுங்கையோடு திருப்பி அனுப்பிய மனிதர். தன் கையெழுத்தைத் தானே அடித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் இருவருமாகக் கடைக்குப் போனோம். அங்கே சங்கர் என்று ஒரு டெக்னீஷியன், கோயம்புத்தூர்க்காரர். என் கணவர் பையிலிருந்து அளவு நாடாவை எடுப்பதற்குள் சங்கர் என் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"மேடம், உங்களுக்கு எங்கங்க போகணும்?"

முப்பது வருடம் கவுண்டரில் உட்கார்ந்து ஊரையே நான் கேட்ட கேள்வி அது. என்னை யாரும் கேட்டதில்லை.

"வீடு, பாத்ரூம், ஆஸ்பத்திரி" என்று ஆரம்பித்தார் இவர்.

"மேடம் சொல்லட்டுங்க சார்" என்றார் சங்கர்.

"ஆக்னஸ் வீட்டுக்கு" என்றேன்.

"சரிங்க. வழியில என்னென்ன இருக்குங்க?"

சொன்னேன். சின்ன லிஃப்ட், சரிவுப் பலகை, மூலையில் உடைந்த ஸ்பீட் பிரேக்கர், சாக்கடை மேல் ஆடும் கல், குவார்ட்டர்ஸ் கேட்டில் ஒரு குறுகலான திருப்பம், ஆக்னஸ் வீட்டு வாசலில் அரை அடி மேடு. என் கணவர் வாயைத் திறந்துகொண்டு கேட்டார். மூன்று வருடமாக அவர் என் தலையைப் பார்த்துக்கொண்டு தள்ளினார். வழியைப் பார்த்தது நான்தானே!

பெரிய பின்சக்கர வண்டி திரும்ப நிறைய இடம் கேட்கும், வேண்டாம் என்றார் சங்கர். மடக்கும் வண்டி லேசானது, கார் டிக்கியில் வைக்கத் தோது, ஆனால் அந்த ஸ்பீட் பிரேக்கரில் தூக்கிப் போடும். மூன்றாவதில் மோட்டார் நடுச் சக்கரத்தில் இருந்தது. நின்ற இடத்திலேயே சுற்றியது. நான் இரண்டு சுற்றுச் சுற்றி, அட்டைப்பெட்டிக் குவியல் ஒன்றைச் சரித்துவிட்டு, மூன்றாவது சுற்றும் சுற்றினேன். முழங்கையை, தொடையை, பாதத்தை எல்லாம் அளந்து சீட்டும் கால்தட்டும் எனக்கென்று முடிவாயின.

"ஜாய்ஸ்டிக் இடது பக்கம் வருமா?" என்று கேட்டார் இவர்.

"நாலு ஸ்க்ரூதாங்க சார்" என்று சங்கர் மாற்றிக் காட்டினார். இவர் அந்த நாலு ஸ்க்ரூவையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பின்னாடி கூட வர்றவங்களுக்கு ஒரு ஜாய்ஸ்டிக் வேணுங்களா? இந்த வண்டிக்குத் தனியா மாட்டணுங்க."

இவர் என்னைப் பார்த்தார். தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

"நக்கோ" என்றார், ஹைதராபாத் பாஷையில் வேண்டாம் என்று. "அவளே ஓட்டுவா."

கல்யாணமான புதிதில்கூட இவர் மேல் எனக்கு அப்படி ஒரு பிரியம் வந்ததில்லை.

வண்டி வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, புடவைத் தலைப்பைச் சக்கரத்தில் சிக்காமல் செருகிக்கொண்டு கிளம்பினேன். "கேட் வரைக்கும்..." என்று ஆரம்பித்தார். "நக்கோ" என்றேன். ஸ்பீட் பிரேக்கரில் நேராக ஏறி நேராக இறங்கினேன். ஆடும் கல் ஆடியது, ஆடட்டும் என்று விட்டேன். ஒரு ஸ்கூட்டர்காரர் ஹார்ன் அடித்தார், நானும் அடித்தேன். என் வண்டியிலும் ஹார்ன் உண்டு.

கதவைத் திறந்த ஆக்னஸ் என் பின்னால் எட்டிப் பார்த்தாள். "அண்ணன் எங்க?"

"வீட்ல."

தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். ஒரு பலகையைச் சாய்த்து என்னை உள்ளே ஏற்றினாள். கதவைச் சாத்தினாள். டிவியை அணைத்தாள். எனக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"சொல்லுங்கக்கா" என்றாள்.

இரண்டரை மணி நேரம் கழித்துத் திரும்பினேன். அவர் கீழே கேட்டிலேயே நின்றுகொண்டிருந்தார். பேட்டரி எவ்வளவு மிச்சம் என்று பார்த்தார், டயரை அமுக்கிப் பார்த்தார். பிறகு, பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"இவ்வளவு நேரமா? அப்படி என்னதான் பேசுனீங்க ரெண்டு பேரும்?"

"அதெல்லாம் வெளிய சொல்றதில்லங்க" என்றேன்.

சொல்லிவிட்டு லிஃப்டுக்குள் போனேன். கதவு ஒரே தடவையில் சாத்திக்கொண்டது. வண்டியோடு இன்னொருவர் நிற்க அதில் இடமில்லை. அவர் படியேறி வந்தார்.